குறிஞ்சி என்னும் பெயர்

ஆடிக்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு மாலையில், வெலிமடைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து இளைஞர் ஒருவர் என் வீடு தேடி வந்தார். பத்தாண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் படித்தவர். இப்போது பண்டாரவளையில் ஒரு கடையிற் கணக்கெழுதுகிறார். பெண்மகவு பிறந்து முப்பது நாளாகிறது என்றும், பிறப்பைப் பதிவதற்குரிய நாற்பத்திரண்டு நாள் தவணை முடியுமுன் பெயர் வைத்தாக வேண்டும் என்றும் சொன்னார். கையிலே சோதிடர் எழுதிக் கொடுத்த சீட்டு. விண்மீன் திருவாதிரை, முதற்பாதம். பெயரின் முதலெழுத்து ‘கு’.

எழுத்தைப் பற்றி நான் யாருடனும் வாதாடுவதில்லை. மூன்றாம் பாதத்திற் பிறந்திருந்தால் அந்த வாய்பாடு ‘ங’ என்னும் எழுத்தையன்றோ தந்திருக்கும்! ஙகரத்திலே தொடங்கும் பெயருக்கு நான் எங்கே போவேன்? முதற்பாதத்திற் பிறந்து குழந்தை என்னைக் காப்பாற்றியது.

கைபேசியில் திரட்டி வைத்திருந்த பெயர்களைக் காட்டினார். இருபதுக்குக் குறையாது. முன்பாதி வடமொழி போலத் தோன்றும். பின்பாதி எந்த மொழியென்று சொல்ல இயலாது. நடுவே தவறாமல் ஒரு ஷகரமோ ஜகரமோ நிற்கும். “இவற்றுள் எதற்காவது பொருள் தெரியுமா, தம்பி?” என்றேன். “தெரியாதுங்க ஐயா. வேற யாருக்கும் இல்லாத பேரா இருக்கணும்னுதான் பார்த்தோம்” என்றார்.

“உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயர் என்ன?”

“அப்பாயி பேரு வள்ளியம்மைங்க. அது வேணாங்க ஐயா. தோட்டத்துப் பேரு.”

நான் சிறிது நேரம் பேசாதிருந்தேன். பின்னர், “குறிஞ்சி என்று வையுங்கள்” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “நல்லா இருக்குங்க. புதுசா இருக்கு” என்று சொல்லிச் சீட்டிலே குறித்துக்கொண்டு, கடைசிப் பேருந்துக்கு விரைந்துவிட்டார்.

என் நெஞ்சு மட்டும் அமைதியுறவில்லை. புதுமை என்று அவர் எடுத்துச் சென்ற சொல் ஈராயிரம் ஆண்டு பழையது. பழமை என்று அவர் தள்ளிய சொல்லோ அதே மலையில், அதே புதருக்கு அருகில் முளைத்தது. இதை அவருக்கு அப்போதே எடுத்துச் சொல்லாதது ஆசிரியனாகிய என் குற்றம். அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

குறிஞ்சி முதலிற் பூவின் பெயர். மலைச்சரிவிலே ஆளுயரத்துக்கு வளரும் புதர்ச்செடி, கரிய தண்டு, நீலமும் ஊதாவும் கலந்த பூ. அந்தப் பூவின் பெயரையே மலைக்கும் மலைசார்ந்த நிலத்துக்கும் நம் முன்னோர் இட்டனர். தொல்காப்பியர் நிலத்தை நான்காக்கி, முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் எனப் பெயர் கூறுகிறார். முல்லை கொடி, மருதம் மரம், நெய்தல் நீர்ப்பூ, குறிஞ்சி புதர். பரந்த நிலப்பகுதிகளை நான்கு பூக்களைக் கொண்டு அடையாளம் சொன்ன மக்கள் நாம். மலையை மலையென்று சொல்லத் தெரியாமலா குறிஞ்சி என்றார்கள்? ஓங்கல், வரை, சிலம்பு, குன்று, அடுக்கம், பொருப்பு என மலைக்குரிய சொற்கள் மலிந்து கிடக்கின்றன. இருந்தும் திணைக்குப் பெயர் வைக்கும்போது பூவையே தேர்ந்தார்கள். நிலத்தை அளந்து பார்த்தவர்களாக அவர்கள் எனக்குத் தோன்றவில்லை; அங்கே நடந்து திரிந்து, எது எப்போது பூக்கிறதென்று பார்த்து வைத்தவர்களாகவே தோன்றுகிறார்கள்.

நிலத்தின் பெயர் அடுத்து அந்நிலத்துக்குரிய ஒழுக்கத்தின் பெயராயிற்று. நள்ளிரவாகிய யாமம், குளிர்ந்த கூதிர்காலம், முன்பனி, அருவி, சுனை, தினைப்புனம், வேங்கை மரம், மயில், கிளி ஆகிய இவற்றுக்கிடையே காதலர் கூடும் ஒழுக்கம் குறிஞ்சி. என்னுடன் படிப்பிக்கும் நண்பர் ஒருவர், “புணர்தலும் புணர்தல் நிமித்தமும் குறிஞ்சிக்கு உரிப்பொருள் என்று வகுப்பிலே சொல்லிவிட்டு, அதையே பெண்பிள்ளைக்குப் பெயராக வைக்கச் சொல்கிறீரே” என்று என்னை மடக்கினார். அப்படிப் பார்த்தால் மருதம் ஊடலுக்கு உரியது. மருதனிளநாகனார் ஊடிக்கொண்டே வாழ்ந்தாரா என்ன? உரிப்பொருளை உரிய இடத்தில் வைத்துவிட்டுப் பூவைப் பூவாகப் பார்ப்பதே முறை.

ஒழுக்கத்துக்கு அப்பால் இசைக்கும் இப்பெயர் சென்றது. குறிஞ்சி யாழ் என்றொரு யாழ் உண்டு. குறிஞ்சிப் பண்ணிலே அமைந்த தேவாரப் பதிகங்கள் பல. இன்றும் ஓதுவார்கள் அவற்றை அரிகாம்போதியிற் பாடுகிறார்கள். பூவும் நிலமும் காதலும் பண்ணும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது வேறெந்தப் பெயரிலே இவ்வளவு எளிதாக வாய்க்கும்?

குறிஞ்சி பாடியவர்களிற் கபிலரே தலையாயவர். ஐங்குறுநூற்றிற் குறிஞ்சிக்குரிய நூறு பாட்டும் அவருடையவை. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் இயல்பு அறிவித்தற்குக் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது அப்பாட்டின் அடிக்குறிப்பு. 261 அடிகளில், தலைவியும் தோழியும் பறித்துப் பாறையிற் குவித்த பூக்களாகத் தொண்ணூற்றொன்பதைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அவற்றுட் குறிஞ்சியும் ஒன்று. அயலான் ஒருவனுக்குத் தமிழ் கற்பிக்கப் புகுந்தவர் இலக்கணத்திலே தொடங்கவில்லை. மலைநாட்டுப் பெண்கள் இருவரைக் காட்டி, அவர்கள் பறித்த பூக்களின் பெயரைச் சொல்லிக் கொடுத்தார். தமிழ் படிப்பிக்கும் எங்களுக்கு இதிலே பாடம் இருக்கிறது. குறுந்தொகையின் மூன்றாம் பாட்டும் குறிஞ்சியின் பெருமை சொல்வது. அதைப் பாடிய தேவகுலத்தார், குறிஞ்சிப் பூவின் தேனைக் கொண்டு தேனீக்கள் அடை கட்டும் நாட்டுக்குரியவனாகத் தலைவனைக் காட்டுகிறார். அந்தத் தேனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே மறுபடியும் வரும்.

செடிநூலார் இப்பூவின் இனத்தை ஸ்ட்ரோபிலாந்தஸ் என்பர். கூம்பு என்றும் மலர் என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களாலாகிய பெயர் அது. பழனி மலையிலும் நீலகிரியிலும் மூணாற்றுச் சரிவுகளிலும் நிற்கும் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. ஒன்றிரண்டு செடி மட்டுமன்று, மலை முழுவதும் ஒரே பருவத்திற் பூத்து, விதை ஈன்று, பின்னர் மடிகிறது. மறுதலைமுறை அந்த விதையிலிருந்தே எழுந்து மறுபடியும் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கிறது. விதை தின்னும் பறவையும் எலியும் எவ்வளவு தின்றாலும் தின்று தீர்க்க இயலாதபடி ஒரே காலத்தில் வாரி இறைப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று அறிவியலார் விளக்குகிறார்கள். பழனி மலைப் பளியர் தம் வயதைக் குறிஞ்சி பூத்த எண்ணிக்கையாற் கணக்கிடுவர் என்றும் சொல்லப்படுகிறது. மூணாற்றிலே 2006-ஆம் ஆண்டிற் பூத்தது. அதே ஆண்டிற் கேரள அரசு இடுக்கி மாவட்டத்திற் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. இந்திய அஞ்சற்றுறை இப்பூவுக்கு முத்திரையும் வெளியிட்டது. 2018-இல் மறுமுறை பூத்தபோது பெருவெள்ளம் வந்து, பார்க்கச் சென்றவர்கள் பாதிவழியில் நின்றார்கள்.

கோடைக்கானலிற் குறிஞ்சி ஆண்டவர் கோயில் இருக்கிறது. அதற்கும் நமது தீவுக்கும் உள்ள தொடர்பைப் பலர் அறியார். சுன்னாகத்திலே இராமநாதன் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் 1936-இற் கட்டுவித்த கோயில் அது. அம்மையார் அவுஸ்திரேலியாவிற் பிறந்தவர். சைவம் தழுவி, பெயரையும் மாற்றிக்கொண்டவர். முருகனுக்கு ஆயிரம் பெயர் இருக்க, அவர் எடுத்த கோயில் இறைவனுக்கு அந்த மலையின் பூவே பெயராயிற்று. பிறநாட்டிற் பிறந்தவர் கட்டிய கோயிலுக்குப் பொருந்திய பெயர் மலையிற் பிறந்த நம் குழந்தைக்குப் பொருந்தாதா?

இனி, நான் நாணத்தோடு சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு.

இருபது ஆண்டுக்கு மேலாக நான் குறிஞ்சியை வகுப்பிலே படிப்பித்திருக்கிறேன். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று கரும்பலகையிற் கட்டம் கட்டி எழுதுவேன். மாணவர் மனப்பாடம் செய்வார்கள், தேர்வில் எழுதுவார்கள். குறிஞ்சிப்பூ எங்கோ பழனி மலையிற் பூப்பதென்றே நான் நினைத்திருந்தேன். பொரலந்த வழியாக ஒஹியவுக்கு ஏறிச் சென்றால் ஹோட்டன் சமவெளி. வெலிமடையிலிருந்து காலையிற் புறப்பட்டால் மாலையில் வீடு திரும்பலாம். 2013-ஆம் ஆண்டில் அங்கே ‘நெலு’ பூத்திருக்கிறதென்று ஊரெல்லாம் திரண்டு போனபோது, நானும் மாணவர் சிலருடன் போனேன். காட்டின் அடிமரங்களுக்கிடையே வெண்மையும் இளநீலமும் ஊதாவுமாகப் புதர்கள் பூத்துக் கிடந்தன. தேனீயின் ஓசை காதை நிறைத்தது. ஒரு மாணவி, “ஐயா, இதானே குறிஞ்சி?” என்று கேட்டாள். நான், “இல்லை, இது நெலு” என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டிய பிறகுதான் அவள் சொன்னதே சரிக்கு அருகில் என்று தெரிந்தது. சிங்கள மக்கள் நெலு என்று சொல்வது ஸ்ட்ரோபிலாந்தஸ் இனத்தைச் சேர்ந்த செடிகளையே. நீலகிரிக் குறிஞ்சியும் ஹோட்டன் சமவெளி நெலுவும் ஒரே செடியல்ல. ஒருகுடிப் பிறந்த அக்காள் தங்கை. இலங்கையில் இக்குடியிற் பல இனங்கள் உள. சில ஆண்டுதோறும் பூப்பன. சில பல்லாண்டு காத்திருந்து ஒருங்கே பூத்து மடிவன. இலங்கை இனம் ஒன்றுக்கு ‘ஆறாண்டு’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரையே இட்டிருக்கிறார்கள். ஹக்கலைக் காட்டிலும் பீதுருதலாகலையிலும் இவை நிற்கின்றன. பழந்தமிழர் குறிஞ்சி என்றது இந்தக் குடியைத்தான். மறுநாள் வகுப்பிலே அந்த மாணவியிடம் என் பிழையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். எனக்குத்தான் இன்னும் சிரிப்பு வரவில்லை.

நெலுவுக்கும் நம் மக்களுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததன்று. நுவரெலியாவிலே குடியேற்றம் அமைத்த சாமுவேல் பேக்கர், 1855-இல் வெளியிட்ட நூலில் இச்செடியையும் இதன் பூவை நாடிவரும் தேனீக்களையும் பற்றி எழுதுகிறார். தேவகுலத்தார் கண்ட தேன்தான். எமர்சன் டெனன்ட் 1861-இல் வெளியிட்ட இலங்கை விலங்கியல் நூலிலே இன்னொரு செய்தி இருக்கிறது. காட்டெலி ஒன்று நெலுவின் விதை முற்றும் காலத்தில் அதைத் தின்று வாழ்கிறது. வழக்கமான இரை குறைந்தவுடன் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குள் நுழைந்து, மொட்டையும் பூவையும் நாசமாக்குகிறது. கோப்பி எலி என்றே அதற்குப் பெயர். அந்தத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்க் கூலிகள் இவ்வெலியை எண்ணெயிற் பொரித்தும் கறியாக்கியும் உண்பதில் மிக்க விருப்பமுடையவர்கள்; எலி மிகுந்த தோட்டங்களையே அவர்கள் விரும்பித் தேடுகிறார்கள் என்றும் அவர் எழுதுகிறார்.

விருப்பமாம்! துரைமாருக்கு அது விருப்பமாகத் தெரிந்தது. கண்டிச் சீமைக்கு நடந்து வந்து, பாதிவயிற்றுக்குக் கூலி பெற்றவனுக்கு அது இறைச்சி. அந்தக் குறிப்பை நான் முதன்முறை படித்தபோது வெட்கமும் சினமும் ஒருங்கே வந்தன. பின்னர் ஆற அமர நினைத்துப் பார்த்தேன். குறிஞ்சி பூத்துக் காய்த்தது. அதைத் தின்ற எலி வந்தது. எலியைத் தின்றவர் என் முன்னோர். கபிலர் பாட்டிற் படித்த குறிஞ்சியை நான் தொலைவிற் தேடிக்கொண்டிருந்தேன். அது 160 ஆண்டுக்கு முன்பே எம்மவர் அடுப்பு வரை வந்து சென்றிருக்கிறது.

பூவின் பெயரையும் மரத்தின் பெயரையும் மக்கள் தாங்கி நடப்பது தமிழிலே புதிதன்று. பாலை பாடிய பெருங்கடுங்கோவும் மருதம் பாடிய இளங்கடுங்கோவும் திணையை அடைமொழியாகக் கொண்டவர்கள். சங்கப் புலவர் வரிசையிலே குறமகள் இளவெயினி, குறமகள் குறியெயினி என்று மலைநாட்டுப் பெண்மணிகள் இருவர் இருக்கிறார்கள். தம் குடியைப் பெயரின் முன்னே வைத்துக்கொண்டே அவையேறியவர்கள். பிற்காலத்தில் வடமொழிப் பெயர்கள் பெருகின. 1916-ஐ ஒட்டி மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் பின் மலர்விழி, தேன்மொழி, பூங்கோதை என்று பெண்களுக்கு இயற்கைப் பெயர்கள் திரும்பி வந்தன. வானொலியும் திரைப்படமும் அவற்றைத் தோட்டத்து லயங்கள் வரை கொண்டுவந்தன.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. நா. பார்த்தசாரதி கல்கியில் ‘குறிஞ்சி மலர்’ என்னும் தொடர்கதையை எழுதியபோது, அதைப் படித்துக் கண்ணீர் விட்டவர்கள் தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். குறிஞ்சி என்று வைத்தவரைப் பற்றி நான் அதிகம் கேள்விப்படவில்லை. கதைமாந்தரின் பெயர் வீட்டுக்குள் வந்தது. பூ அட்டையிலேயே நின்றுவிட்டது. மலையகத்திலோ எழுத்தாளர்கள் இச்சொல்லை உரிமையோடு எடுத்தார்கள். மலையகக் கவிஞர்களின் பாக்களைத் தொகுத்து 1965-இல் வெளிவந்த நூல் ‘குறிஞ்சிப்பூ’. தோட்டத்து வாழ்வைப் பாடிய கவிஞர் ஒருவர் குறிஞ்சித் தென்னவன் என்றே விளங்கினார். வாக்குரிமையும் குடியுரிமையும் இன்றித் தவித்த காலத்திலே, இந்த மலை எங்கள் திணை என்று சொல்வதற்கு அவர்கள் தேர்ந்த சொல் அது. 1948-இன் சட்டம் நாட்டவரல்லர் என்றது. 1964-இன் ஒப்பந்தம் எம்மை எண்ணிப் பங்கிட்டது. சட்டம் என்ன சொன்னாலும், பூவின் பெயரை ஒருவன் தன் பெயரோடு சேர்த்துக்கொள்வதை எந்தக் கந்தோரும் தடுக்க இயலவில்லை. ஆகவே குறிஞ்சி என்னும் பெயரை மலையகத்துக் குழந்தை தாங்குவதை நான் பெரிதும் விரும்புகிறேன்.

ஆனால் அந்த இளைஞர் வேண்டாமென்ற வள்ளி என்னும் பெயரை இனி எடுத்துக்கொள்வோம்.

வள்ளி ஒரு கொடி. அதன் கிழங்கு மலைமக்களின் உணவு. பறம்பு மலையை மூவேந்தரும் முற்றியிருந்தபோது கபிலர் பாடிய பாட்டொன்று புறநானூற்றின் நூற்றொன்பதாவதாக நிற்கிறது. நீங்கள் எவ்வளவு நாள் முற்றியிருந்தாலும் பாரியின் மக்கள் பட்டினி கிடக்கமாட்டார்கள், உழவர் உழாத நான்கு பயன் இம்மலையில் உண்டு என்று அவர் கணக்குக் காட்டுகிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். குறிஞ்சிக் கபிலர் வாயாலேயே வள்ளி வந்துவிட்டது. முற்றுகையைத் தாங்கும் உணவாக வந்தது.

முருகன் கூடிய வள்ளியை நற்றிணையே குறிப்பிடுகிறது. கந்தபுராணத்திலே கச்சியப்பர் அக்கதையை விரிக்கிறார். மான் ஈன்ற குழந்தை, வேட்டுவப் பெண்கள் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே கிடக்கிறது. வேட்டுவர் தலைவன் நம்பி எடுத்துப் போய், கிழங்கு அகழ்ந்த குழியிலே கிடைத்தமையால் வள்ளி என்று பெயர் வைக்கிறான். எவ்வளவு நேரான பெயரீடு! சோதிடச் சீட்டு இல்லை. கைபேசிப் பட்டியல் இல்லை. குழந்தை எங்கே கிடைத்ததோ அந்த மண்ணின் விளைபொருளே பெயர். தமிழ்நாட்டிலே வள்ளிமலை இருக்கிறது. இலங்கை மக்கள் அக்கதையைக் கதிர்காமத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். வள்ளியை வேடர் குலத்து மகள் என்கிறார்கள். கதிர்காமம் எங்கே இருக்கிறது? நமது ஊவா மாகாணத்திலே. வெலிமடைக் குளிரிலிருந்து கீழே இறங்கினால் வள்ளியின் ஊர்.

நாம் இன்று உண்ணும் சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தவை. வந்த கிழங்குகளுக்கு நம்மவர் பழைய கிழங்கின் பெயரைக் கடன் கொடுத்தார்கள். 1973, 1974 ஆகிய பஞ்ச ஆண்டுகளிலே தோட்டங்களில் மாவும் அரிசியும் அருகி, மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். மரவள்ளி இல்லையென்றால் நீ இல்லை என்று என் அப்பாயி பிற்காலத்திற் சொல்வார். அவர் பெயரும் வள்ளிதான்.

இதைச் சொல்ல இத்தனை ஆண்டு ஆயிற்று எனக்கு. ஆசிரிய கலாசாலையில் நான் பயின்றபோது, உடன்பயின்றவர்கள் வீட்டுப் பெரியவர்களின் பெயரை விசாரித்தால், ‘வள்ளிநாயகி’ என்று சொல்வேன். நாயகி என்னும் ஒட்டு நான் சேர்த்தது. கொழுந்துக் கூடை சுமந்த பெண்மணிக்குப் பட்டுச் சேலை உடுத்திக் காட்டினேன். ஆகையால் அந்த இளைஞரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அவர் சொன்னதும் நான் செய்ததும் ஒரே நோய்.

அந்த நோய்க்குக் காரணம் இல்லாமலில்லை. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ‘எந்தத் தோட்டம்?’ என்று கேட்கும் பட்டணத்துக் கந்தோர்களையும் கடைகளையும் நாம் அறிவோம். கேள்வியிற் பிழையில்லை, கேட்கும் குரலிலே பிழை உண்டு. வேலை தேடும் பெண்ணின் விண்ணப்பத்தில் முத்தம்மா, காளியம்மா, வள்ளியம்மா என்றிருந்தால் அவள் எங்கிருந்து வருகிறாள் என்பது முதல்வரியிலேயே தெரிந்துவிடுகிறது. தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் பெற்றோர் ஷகரத்துக்குள் ஒளிகிறார்கள். பொருளற்ற பெயர்களை எள்ளி நகையாடும் என் போன்ற பண்டிதர்கள் இந்த அச்சத்தைப் பார்ப்பதில்லை.

பெயரை எழுதியவர்கள் செய்த கேடும் உண்டு. என் அப்பாயியின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் ஒருவகை, பிறப்புப் பத்திரத்தில் ஒருவகை, குடியுரிமை விண்ணப்பத்தில் ஒருவகை. ளகரம் லகரமாயிற்று, வகரம் பகரமாகவும் ஆயிற்று. மூன்றும் ஒருத்திதான் என்று மெய்ப்பிக்க என் பாட்டனார் நடந்த நடை கொஞ்சமன்று. வாயாற் சொல்ல இத்தனை எளிய பெயர், அதை உடையவளுக்கே பகையாகும்படி எழுதப்பட்டது.

பேரன், பேத்தி என்று நாம் சொல்லும் சொற்களின் மூலம் பெயரன், பெயர்த்தி. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர் என்பதே பொருள். பெயர் தாங்குவதே உறவுக்குப் பெயராகிய மொழி இது. அந்தக் குழந்தை வள்ளியம்மையின் கொள்ளுப்பேத்தி. பேத்தி என்ற சொல்லே அவளைப் பெயருக்கு உரியவள் ஆக்குகிறது. அவளுக்குக் குறிஞ்சி என்ற பெயரைக் கொடுத்து வள்ளியை மறைக்க நான் துணைபோனேனா என்பதுதான் என்னை உறுத்தியது. சங்கநூலிலிருந்து எடுத்த சொல்லாக இருந்தாலும், மறைக்கும் துணியாகப் பயன்பட்டால் அது ஷகரப் பெயரைவிட உயர்ந்ததாக எனக்குப் படவில்லை. குறிஞ்சி வேண்டும், அதிலே விளைந்த வள்ளி வேண்டாம் என்று சொல்வது, மலையின் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு மலையில் வாழ்பவரை வாசலில் நிறுத்துவது போலாகும்.

பத்து நாட் கழித்து இளைஞர் மீண்டும் வந்தார். மேலே எழுதியவற்றிற் பாதியை அவருக்குச் சொன்னேன்; நெலுவைப் பற்றியும், நூற்றொன்பதாம் பாட்டைப் பற்றியும், என் அப்பாயியைப் பற்றியும். அவர் கதவருகில் நின்றபடியே கேட்டார். கடைசியில், “ரெண்டையும் சேர்த்து வைக்கலாமாங்க ஐயா? அம்மாவும் அப்பாயி பேரை விட மனசில்லாமத்தான் இருக்காங்க” என்றார்.

இலக்கண ஆசிரியனுக்கு இதைவிட இனிய கேள்வி உண்டா? குறிஞ்சிவள்ளி. இகர ஈற்றின் முன் வகரம் வந்து இயல்பாகப் புணர்கிறது. வல்லினம் மிகுமோ மிகாதோ என்ற வழக்கில்லை. குறிஞ்சியின்கண் உள்ள வள்ளி என்று விரித்தால் ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. நிலமும் அதன் விளைவும் ஒரே பெயரிலே நின்றன. ‘கு’ என்ற எழுத்தும் கெடவில்லையாதலாற் சோதிடருக்கும் மனக்குறை இராது. அவர் என் இலக்கணத்தை முழுதும் கேட்கவில்லை, பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

போகுமுன் ஒரு தாளிலே பெயரை மும்மொழியிலும் எழுதிக் கொடுத்தேன். ஞகரத்துக்குச் சிங்களத்திலும் எழுத்து உண்டு. அதை விட்டு னகரத்தை எழுத இடங்கொடுக்கலாகாது என்றும், ஆங்கிலத்தில் இரண்டு எல் எழுத்து வரவேண்டும் என்றும், எழுதுபவர் எழுதி முடித்த பின் ஒருமுறை வாய்விட்டு வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியனுப்பினேன்.